பிளேம் காட்டும் ஆள் கனடாவில் இருந்தால்

கேள்வி, 2024 பெப்ரவரி 6

புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடை எங்கள் பில் மென்பொருளைப் பாவிக்கிறது. கணக்காய்வுக்காக 2022 ஆகஸ்ட் 30ஆம் திகதி பில் ஒன்றின் பிரதி கேட்டார்கள். மறுபடி அச்சடித்தால் வற் (பெறுமதி சேர் வரி) 15 வீதம் என்று வருகிறது. அன்றைக்கு 12 வீதம்தானே. அசல் பில்லிலும் 12தான் இருக்கிறது. கோட்டின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில், ஒவ்வொரு வரிக்கும் ஒரு பெயர் காட்டும் பிளேம் கட்டளையைப் போட்டுப் பார்த்தேன். 15 வீதத்துக்கான திகதி இருக்கிற கோட் வரியில் பெயர் உள்ளவர் ஜனவரியில் வேலையை விட்டுக் கனடா போய்விட்டார். பிளேம் என்பதே ஆளைப் பிடிக்கத்தானே, ஆளே இல்லாவிட்டால் அதனால் என்ன பிரயோசனம்? பேசாமல் வரியைத் திருத்திவிடட்டுமா?

பதில், பெப்ரவரி 6, இரவு

திருத்த வேண்டாம். இன்றைக்கு ஒரு திகதியைத் திருத்துவீர்கள், அடுத்த கிழமை இன்னொரு கடைக்காரர் 2019ஆம் ஆண்டுப் பில்லோடு வந்து நிற்பார்.

பிளேம் ஆளைப் பிடிக்கிற சாமான் இல்லை. ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்ட கொமிட் (பதிந்து வைத்த மாற்றம்) எது என்று சொல்கிறது, அவ்வளவுதான். கடைசியாகத் தொட்டவர் எழுதியவராக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சுவருக்கு வெள்ளையடித்தவரைக் கூப்பிட்டு அத்திவாரம் ஏன் இறங்கியது என்று கேட்டால் அவர் பாவம் என்ன சொல்வார்? கட்டளைக்குக் குற்றச்சாட்டு என்று வைத்த பெயரே கோணல். எஸ்விஎன் என்ற இன்னொரு கருவியில் இதே கட்டளைக்கு பிரெய்ஸ் என்றும் ஒரு பெயர் உண்டு, பாராட்டு என்று அர்த்தம். பாராட்டுவதற்காக அதை ஓட்டிய ஒருவரையும் நான் கண்டதில்லை.

பெயரை விட்டுவிட்டு இடது ஓரத்தில் இருக்கிற கொமிட் எண்ணை எடுங்கள். கிட் ஷோ போட்டு அந்த கொமிட்டை முழுக்க வாசியுங்கள். அந்த வரியோடு சேர்ந்து அன்றைக்கு வேறு எந்தக் கோப்புகள் மாறின, செய்தியில் என்ன எழுதியிருக்கிறது, அதற்கு முந்தைய கொமிட் என்ன. ஆளிடம் கேட்டாலும் இவ்வளவு சொல்லமாட்டார். இரண்டு வருடத்துக்கு முந்திய ஒரு பின்னேரம் ஏன் அப்படிச் செய்தாய் என்று என்னைக் கேட்டால் நானும் முழிப்பேன்.

ஆள் இல்லாத கதை உங்களுக்கு மட்டுமானது இல்லை. எங்கள் ரிப்போவில் (கோட் களஞ்சியத்தில்) பிளேம் போட்டால் வருகிற பெயர்களில் பாதி இப்போது மெல்பேர்னிலும் டொரோண்டோவிலும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வெள்ளவத்தையில் பிரியாவிடைச் சாப்பாடு சாப்பிட்டே எனக்கு ஒரு சுற்று கூடிவிட்டது.

பெப்ரவரி 7, காலை

கோப்பின் எல்லா வரிக்கும் ஒரே கொமிட்தான் வருகிறது, எண்ணுக்கு முன்னால் கூரைபோல ஒரு குறி நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நேற்று ஒழுங்காக வந்தது, இன்றைக்கு வேறு கணினியில் ஓட்டியிருப்பீர்கள். கோட்டைத் தொகுக்கிற பில்ட் சேர்வரா? அங்கே நேரத்தை மிச்சம்பிடிக்க டெப்த் 1 போட்டுக் கடைசி கொமிட்டை மட்டும் இறக்கியிருப்பார்கள். அந்தக் கூரைக்குறி "இதற்குப் பின்னால் எனக்கு வரலாறு இல்லை" என்ற எல்லைக்குறி. ஃபெட்ச் அன்ஷாலோ போட்டு மிச்சத்தை இறக்குங்கள், அல்லது உங்கள் மடிக்கணினியிலேயே பாருங்கள்.

பெப்ரவரி 7, இரவு

சரி, இப்போது விளங்குகிறது. 2023 டிசெம்பரில் வற் 18 வீதத்துக்குத் தயாராகும்போது அவர் ஒரு புதுக் கோப்பை உருவாக்கி, திகதியும் வீதமுமாக ஒரு அட்டவணை போட்டிருக்கிறார். அதற்கு முன்னர் வீதம் வேறொரு கோப்பில் ஒற்றை எண்ணாக இருந்திருக்கிறது.

அப்படியென்றால் வெறும் பிளேம் இந்தக் கோப்பு பிறந்த நாளோடு நின்றுவிடும். இரண்டு வழி சொல்கிறேன். ஒன்று, பிளேமுக்கு பெரிய சி என்ற தெரிவைப் போடுவது. ஒரு சி போட்டால் அதே கொமிட்டில் மாறிய மற்றக் கோப்புகளிலிருந்து வரிகள் வந்தனவா என்று பார்க்கும். கோப்பு புதிதாக உருவான கொமிட் என்றால் இரண்டு போடலாம், அப்போது மாறாத கோப்புகளையும் துழாவும். மூன்று போட்டால் எல்லா கொமிட்டிலும் தேடும், தேநீர் போட்டுக் குடித்துவிட்டு வரலாம். மற்றது, கொமிட் வரலாற்றைக் காட்டும் லொக் கட்டளையோடு பெரிய எஸ் போட்டு, வீதத்தை வைத்திருந்த பழைய மாறியின் (வேரியபிள்) பெயரைத் தேடுவது. அந்தப் பெயர் தோன்றிய, மாறிய கொமிட்டெல்லாம் வரிசையாக வந்துவிடும்.

சின்ன டபிள்யூவையும் பிளேமோடு பழக்கமாகப் போட்டுக்கொள்ளுங்கள். வெறும் இடைவெளி மாற்றங்களைக் கணக்கில் எடுக்காது.

பெப்ரவரி 8

இரண்டு வழியும் வேலை செய்யவில்லை என்கிறீர்கள். பிழை என்னுடையது.

பெரிய எஸ் பற்றி நேற்று அவசரத்தில் எழுதியதை அழிக்கவில்லை, ஆனால் நம்ப வேண்டாம். அது "மாறிய" கொமிட்டைக் காட்டாது. நீங்கள் தேடும் சொல் கோப்பில் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணி, அந்த எண்ணிக்கை கூடினால் அல்லது குறைந்தால் மட்டும் காட்டும். மாறியின் பெயர் அப்படியே இருக்க, பக்கத்தில் 12 போய் 15 வந்தால் பெயரின் எண்ணிக்கை மாறவில்லை. எஸ்ஸின் கண்ணில் அது படாது. அதனால்தான் மாறி பிறந்த கொமிட்டும் செத்த கொமிட்டும் மட்டும் உங்களுக்கு வந்திருக்கின்றன. உங்களுக்கு வேண்டியது பெரிய ஜி. டிஃபில் (கொமிட்டின் முன்-பின் வேறுபாட்டில்) கூடிய அல்லது கழிந்த வரியில் அந்தச் சொல் இருந்தாலே போதும், காட்டிவிடும். பத்து வருடமாக இரண்டையும் பாவிக்கிறேன், இன்னும் கை தானாக எஸ்ஸுக்குத்தான் போகிறது.

பெரிய சி ஏன் தோற்றது என்பதை இன்றுதான் ஆறுதலாக வாசித்தேன். எழுத்தும் எண்ணுமாகக் குறைந்தது 40 பொருந்தினால்தான் இன்னொரு கோப்பிலிருந்து வந்தது என்று அது ஏற்கும். அதே கோப்புக்குள் இடம் மாறியதைத் தேடும் பெரிய எம்முக்கு 20 போதும். உங்கள் பழைய வரியில் நாற்பது எங்கே இருக்கிறது? எல்லையைக் கட்டளையிலேயே குறைக்கலாம். ஆனால் மிகவும் குறைத்தால் அடைப்புக்குறி மூடுகிற வரிகூட எங்கோ தூரத்துக் கோப்பிலிருந்து வந்ததாகச் சொந்தம் கொண்டாடத் தொடங்கும்.

பெப்ரவரி 10

ஒருவர் கேட்டிருக்கிறார்: இடைவெளி, வரி ஒழுங்கை மட்டும் மாற்றும் வடிவமைப்பு கொமிட்டுகளை பிளேமில் தெரியாமல் செய்ய முடியாதா என்று. முடியும். கிட் 2.23இலிருந்து, அதாவது 2019 ஆகஸ்டிலிருந்து, கவனிக்க வேண்டாத கொமிட் எண்களை ஒரு கோப்பில் எழுதி பிளேமுக்குக் கொடுக்கலாம். கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ் என்று, முன்னால் ஒரு புள்ளி வைத்து, ரிப்போவின் உச்சியில் போட்டால் கிட்ஹப் தானாகவே எடுத்துக்கொள்ளும். நம்முடைய கணினியில் கொன்ஃபிக் (அமைப்பு) ஒன்று வைக்க வேண்டும்.

நல்ல வசதி. அதே வசதியால் நான் இரண்டு நாள் மினக்கெட்ட கதையையும் கேளுங்கள்.

பில்லின் அடியில் தமிழில் "நன்றி மீண்டும் வருக" என்று ஒரு வரி. 2015இல் நான் போட்டது. அந்த அச்சுப்பொறிக்கு யூனிகோட் தெரியாது, ஆகவே பாமினி எழுத்துருவில் போட்டேன். பாமினி தெரிந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: எழுத்துருவைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் ஆங்கில எழுத்துகளைக் குலுக்கிக் கொட்டிய மாதிரி இருக்கும், இடைக்கிடை அரைப்புள்ளி. மெய்யெழுத்தின் தலையில் வைக்கிற புள்ளிதான் அந்த அரைப்புள்ளி.

2021இல் எங்கள் குழுவில் ஒரு சிங்கள நண்பர் கோட் முழுவதையும் சுத்தம் செய்தார். நல்ல வேலைக்காரர். சரங்களுக்குள் (கோட்டில் மேற்கோளுக்குள் வரும் எழுத்துகளுக்குள்) தேவையில்லாமல் கிடந்த அரைப்புள்ளிகளையெல்லாம் ஒரு ஸ்கிரிப்ட் எழுதித் தூக்கிவிட்டார். கொமிட் செய்தி "வடிவமைப்பு மட்டும்". நானே அதைப் பார்த்து ஒப்புதல் கொடுத்து, நானே அந்த எண்ணைக் கொண்டுபோய் இக்னோர் கோப்பிலும் போட்டேன்.

அரைப்புள்ளி போனதும் முழுப்புள்ளியும் போய்விட்டது. கொட்டாஞ்சேனையில் ஒரு கடைக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டு, "தம்பி, உங்கட பில்லில 'நனறி மீணடும வருக' எண்டு கிடக்கு, கல்வெட்டோ?" என்று கேட்கும்வரை ஒருவருக்கும் தெரியாது. ஓலைச்சுவடியில் புள்ளி வைக்க மாட்டார்கள், அந்த வகையில் அவர் கேட்டது நியாயம்.

பிளேம் போட்டேன். 2015, என் பெயர். ஆனால் வரியில் அரைப்புள்ளி இல்லை! இக்னோர் கோப்பு அந்தச் சுத்திகரிப்பு கொமிட்டைத் தாண்டிக் குதித்து, திருத்தப்பட்ட வரியை என் தலையில் கட்டியிருந்தது. எனக்கு நன்றி என்று எழுதத் தெரியாதா என்ற சந்தேகம் எனக்கே வந்துவிட்டது. அச்சுப்பொறி, எழுத்துரு, கேபிள் எல்லாவற்றையும் குறை சொல்லிவிட்டு, இரண்டாம் நாள் இரவு அந்தக் கோப்பைத் தொட்ட கொமிட்டுகளை ஒவ்வொன்றாக டிஃபோடு வாசித்தபோதுதான் பிடிபட்டது.

நண்பரிடம் கொஞ்சம் சூடாகத்தான் போனேன். "மச்சாங், அது குப்பை என்று நினைத்தேன்" என்றார். அவர் சொன்னது உண்மை. அந்த வரிக்கு மேலே இது தமிழ், தொடாதே என்று ஒரு குறிப்பு நான் எழுதவில்லை. ஆறு வருடம் அது அங்கே குப்பை மாதிரியேதான் கிடந்தது.

பெப்ரவரி 11

முந்தைய குறிப்புக்கு ஒரு வால். பிளேம்-மார்க்-இக்னோர்ட்-லைன்ஸ் என்ற கொன்ஃபிக்கை வைத்தால், இப்படிக் குதித்து வந்து ஒட்டிய வரிகளில் கொமிட் எண்ணுக்கு முன்னால் ஒரு கேள்விக்குறி போடும். அன்றைக்கு வைத்திருந்தால் இரண்டு நாள் மிச்சம். வையுங்கள். நிரலின் இயங்குமுறை மாறவில்லை என்று கருவி வைத்துச் சோதிக்காத கொமிட்டை இக்னோர் கோப்பில் போடாதீர்கள். செய்தியில் "மட்டும்" என்று இருப்பதை நம்பி நான் போட்டேன்.

பெப்ரவரி 13

பெரிய ஜி வேலை செய்துவிட்டது. பிறந்த கொமிட்டை விட்டால் நான்கு: 15 போய் 8, 8 போய் 12, 12 போய் மறுபடி 15, கடைசியாக அட்டவணை. இந்த ஒற்றை வரியின் வரலாற்றை வாசித்தால் நாட்டின் கதை பாதி வந்துவிடும். 2019 டிசெம்பர் 1இலிருந்து 8 வீதம். 2022 ஜூன் 1இலிருந்து 12. அதே வருடம் செப்டெம்பர் 1இலிருந்து 15. 2024 ஜனவரி 1இலிருந்து 18.

இப்போது நீங்கள் ஒட்டிய அட்டவணையைப் பாருங்கள். 8 வீதத்துக்கு 2019 டிசெம்பர் 3. 12 வீதத்துக்கு 2022 ஜூன் 2. 15 வீதத்துக்கு 2022 ஆகஸ்ட் 30. 18 மட்டும் சரியாக ஜனவரி 1.

தட்டச்சுப் பிழை ஒரு வரியில் வரும், மூன்று வரியில் வராது. என் ஊகம்: டிசெம்பரில் அட்டவணை போட உட்கார்ந்தவர் பழைய வீதங்கள் எப்போது எப்போது மாறின என்று தேட கிட் லொக்கைத்தான் பார்த்திருக்கிறார். நீங்கள் இப்போது செய்வதையே செய்திருக்கிறார். கொமிட்டின் திகதியை எடுத்துச் சட்டத்தின் திகதியாகப் போட்டுவிட்டார். 15 வீதத்துக்கான மாற்றத்தை ஆகஸ்ட் 30இல் முன்கூட்டியே எழுதி வைத்து, செப்டெம்பர் 1 காலையில் சேர்வரில் ஏற்றியிருப்பார்கள். அசல் பில் சரியாக வந்ததற்கும் அதுதான் காரணம். 2019 டிசெம்பர் 3 எதிர்ப்பக்கம்: சேர்வரில் நேரடியாகக் கை வைத்து மாற்றிவிட்டு, இரண்டு நாள் கழித்து ரிப்போவில் சேர்த்திருப்பார்கள். நாங்களும் செய்திருக்கிறோம், ஒத்துக்கொள்கிறேன்.

லொக்கைத் திறந்து கொமிட் திகதிகளை ஒப்பிட்டுச் சொல்லுங்கள்.

பெப்ரவரி 14

இரண்டு பொருந்துகிறது, ஒன்று பொருந்தவில்லை. 12 வீத கொமிட் லொக்கில் மே 30 என்று இருக்கிறது, அட்டவணையில் ஜூன் 2. ஊகம் உடைந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். உடைவதற்கு முன்னர் ஒரு தடவை லொக்குக்கு பிரெட்டி ஃபுல்லர் போட்டுப் பாருங்கள்.

ஒவ்வொரு கொமிட்டுக்கும் இரண்டு திகதி. ஒன்று மாற்றத்தை எழுதிய திகதி, மற்றது அந்த கொமிட் இப்போதைய உருவத்தில் உருவான திகதி. ரீபேஸ் செய்தாலும் (கொமிட்டுகளை வேறு அடித்தளத்தில் மறுபடி அடுக்கினாலும்) செரி பிக் செய்தாலும் (ஒரு கொமிட்டை வேறு கிளைக்குப் பிரதி எடுத்தாலும்) முதல் திகதி அப்படியே நிற்கும், இரண்டாவது புதிதாகும். சாதாரண லொக் முதலாவதைத்தான் அச்சடிக்கும். சின்ஸ் என்று போட்டு வடிகட்டினால் பார்ப்பது இரண்டாவதை. இது தெரியாமல் ஒரு தடவை, மே மாதம் எழுதிய வேலை மே மாத வடிகட்டலில் வரவில்லை என்று குழுவில் ஒருவரோடு சண்டை பிடித்திருக்கிறேன்.

பெப்ரவரி 14, இரவு

ஜூன் 2! சரி, ஊகம் உடையவில்லை. மே 30இல் வேறு பிராஞ்சில் (கிளையில்) எழுதியதை ஜூன் 2இல் செரி பிக் செய்து கொண்டுவந்திருக்கிறார்கள். அவர் பார்த்த கருவி இரண்டாவது திகதியைக் காட்டியிருக்கிறது.

அதே மூச்சில் ஒன்று. பில் எழுதும்போதே வீதத்தையும் பில்லோடு சேமித்திருந்தால் மறுஅச்சுக்கு இந்த அட்டவணையே தேவையில்லை. அதை முதலில் செய்யுங்கள், கிட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

பெப்ரவரி 17

திகதியைப் பற்றிக் கதைத்ததும் பழைய ஞாபகம் ஒன்று.

2010 அளவில் எங்கள் ரிப்போவில் ஒருவரின் கொமிட்டெல்லாம் உலக நேரத்துக்குப் பிளஸ் ஆறு மணி என்று விழும். மற்ற எல்லோருக்கும் பிளஸ் ஐந்தரை. புதிதாக வந்த மனேஜர் லொக்கைப் பார்த்துவிட்டு, "டாக்காவில் இருந்து வேலை செய்கிற இவர் யார்?" என்று கேட்டார். அந்த ஆள் அவருக்குப் பின்னால் மேசையில் இருந்து பணிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். 1996 மே மாதம் மின்சாரத்தை மிச்சம்பிடிக்க நாட்டின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள், ஆறரை ஆனது. ஒக்டோபரில் அரை மணி நேரம் பின்னே வந்து ஆறு ஆனது. 2006 ஏப்ரல் 15இல்தான் பழையபடி ஐந்தரைக்குத் திரும்பினோம். வன்னியில் புலிகளின் பகுதியில் மாற்றவே இல்லை, ஆகவே அந்தக் காலம் முழுக்க யாராவது நேரம் சொன்னால் பழைய நேரமோ புது நேரமோ என்று திருப்பிக் கேட்க வேண்டும். நம்மாளின் கணினியில் அப்டேட்டை நிறுத்தி வைத்த, காசு கொடுக்காத விண்டோஸ் எக்ஸ்பி. அதற்கு 2006 ஏப்ரல் நடந்ததே தெரியாது. அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் கையால் திருத்திவிட்டார், வலயம் ஆறிலேயே நின்றது.

விளைவு, உலக நேரத்தில் அவருடைய கொமிட் ஒவ்வொன்றும் அரை மணி நேரம் முந்திப் போனது. நான் நான்கு மணிக்குப் போட்ட கொமிட்டின் மேல் அவர் நான்கு பத்துக்குப் போட்டால், அது எங்கள் நேரத்தில் மூன்று நாற்பது என்று ஆகும். பிள்ளைக்கு அப்பாவை விட வயது கூட. திகதியை விட்டுவிட்டுத் தலைமுறை வரிசையில் காட்டச் சொல்லி லொக்குக்கு டோப்போ ஓர்டர் போடப் பழகியது அப்போதுதான்.

கிட் பிறந்தது 2005 ஏப்ரல். அதன் முதல் ஒரு வருடத்தில் கொழும்பு நேரம் உண்மையாகவே ஆறுதான். அந்த வருடத்தில் இங்கிருந்து கிட்டில் கொமிட் போட்டவர் யாராவது இருந்தால் எக்ஸ்பியைக் குறை சொல்ல முடியாது.

பெப்ரவரி 18

பிழை நுழைந்த கொமிட்டைத் தேடும் பைசெக்ட் கட்டளையை ஏன் சொல்லவில்லை என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். எந்த வரி பிழை என்று தெரிந்த பிறகு பைசெக்ட் எதற்கு? வரி தெரியாமல், முந்தி வேலை செய்தது இப்போது செய்யவில்லை என்ற அளவுக்கு மட்டும் தெரிந்தால் அதுதான் தெய்வம். நல்ல கொமிட் ஒன்று, கெட்ட கொமிட் ஒன்று காட்டினால் பாதி பாதியாக வெட்டிக்கொண்டு போகும். ஆயிரம் கொமிட் என்றால் பத்துச் சோதனை. சோதனையை ஸ்கிரிப்டாக எழுதி ரன் கொடுத்தால் தானே போய் வரும்: ஸ்கிரிப்ட் முடியும்போது தருகிற எண் 0 என்றால் நல்லது, 125 என்றால் இதைத் தாண்டிப் போ.

2022 மார்ச் கடைசியில், 13 மணி நேர மின்வெட்டு அறிவித்த நாட்களில், வீட்டில் இருந்து ஒன்று ஓட்டினேன். ஒவ்வொரு பில்ட்டும் ஏழு நிமிடம். ஏழாவது சோதனையில் மடிக்கணினி பற்றரி செத்தது. எல்லாம் போச்சு என்று மெழுகுதிரியோடு இருந்தேன். இரவு கரண்ட் வந்ததும் கிட் ஸ்டேட்டஸ் போட்டால், நீ இன்னும் பைசெக்டில் இருக்கிறாய் என்கிறது. நிலைமையைக் கோப்பாகவே எழுதி வைத்திருக்கிறது. பைசெக்ட் லொக் போட்டு அதுவரை சொன்ன ஆறு பதிலையும் எடுத்தேன். பதினோராவதில் கொமிட் பிடிபட்டது: 38 கோப்புகளின் மாற்றங்களை ஒரே கொமிட்டாகச் சுருட்டிய ஸ்குவாஷ் மேர்ஜ். அதற்குள் எந்த மாற்றம் என்று தேட இன்னொரு நாள்.

மார்ச் 3

நல்ல செய்தி, திகதிகளைத் திருத்தியாயிற்று. கொமிட் செய்தியையும் ஒட்டியிருக்கிறீர்கள்: ஒவ்வொரு வீதமும் நடைமுறைக்கு வந்த நாள், அதை எந்த அறிவித்தலில் பார்த்தீர்கள், பழைய திகதிகள் ஏன் பிழையாக இருந்தன. நீளம் என்று யாராவது முறைத்தால் முறைக்கட்டும்.

நான் முதல் நாள் பெயரை விடுங்கள் என்று சொன்னேன், நீங்கள் விடவில்லை. கனடாவில் இருப்பவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறீர்கள். ஊகம் சரியா பிழையா என்று அவரைத் தவிர வேறு யாராலும் சொல்ல முடியாது, அது எனக்குத் தோன்றவில்லை. அவருடைய பதிலையும் பார்த்தேன்: "லொக்கில அப்பிடித்தானே கிடந்தது. கெசட் தேடினனான், அண்டைக்கு அந்தப் பக்கம் திறக்கேல்ல. பிறகு மாத்துவம் எண்டு விட்டிட்டு வீசா வேலைக்கு ஓடீட்டன். மற்ற ரெண்டு திகதியும் பாத்தனீங்களோ?"